சென்னையா, கோவையா? குடும்பத்தோடு ஊர் மாறுவதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினான்கு ஆண்டுகள் சென்னையில் குடும்பம் நடத்திவிட்டு 2022 மே மாதம் கோயம்புத்தூருக்குக் குடிவந்தோம். நான், கணவர், இரண்டு பெண்கள், மாமியார். அன்றிலிருந்து உறவிலும் நட்பிலும் யாராவது ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அங்கே செலவு குறைவாமே, நாங்களும் வந்துவிடலாமா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்கள்தான் கீழே இருப்பவை. திருமணமான மாதத்திலிருந்து வீட்டுச் செலவை நோட்டில் எழுதி வருகிறேன். எங்கள் வீட்டுத் தொகைகளைச் சொல்லும் இடத்தில் அந்த நோட்டைப் பார்த்தே சொல்கிறேன்.

சென்னையைவிடக் கோவையில் செலவு உண்மையிலேயே குறைவா?

குறைவுதான். ஆனால் எதில் குறைவு என்று பிரித்துப் பார்க்காமல் கிளம்பிவிடக் கூடாது. இரண்டும் ஒரே மாநிலத்து ஊர்கள். மின்கட்டண விகிதம் ஒன்று. ஆவின் பால் விலை ஒன்று. ரேஷன் அரிசி இரண்டு இடத்திலும் இலவசம். கேஸ் சிலிண்டரிலும் பெட்ரோலிலும் சில ரூபாய் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். துவரம் பருப்பு, நல்லெண்ணெய், பள்ளிக்கூட நோட்டு, கைப்பேசிக் கட்டணம் எதுவும் ஊர் பார்த்து விலை சொல்வதில்லை. எங்கள் நோட்டில் மளிகைப் பக்கம் ஊர் மாறிய பிறகும் அநேகமாக அப்படியே இருக்கிறது. கோவையில் நாங்கள் குடியிருக்கும் வடவள்ளியில் உழவர் சந்தை பக்கத்தில் இருப்பதால் காய்கறியில் கொஞ்சம் மிச்சமானது. அந்த மிச்சத்தை மீன் வாங்கிக்கொண்டது. கடல் இல்லாத ஊருக்கு மீன் வண்டியேறித்தானே வர வேண்டும்.

உண்மையில் மாறியவை வாடகை, தண்ணீர், போக்குவரத்து. கூடவே நேரம் என்ற ஒன்று மாறியது. அதை எழுத நோட்டில் எனக்குப் பத்தி இல்லை.

வாடகையில் எவ்வளவு மிச்சமாகும்?

சென்னை மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டுக்கு 19,000 ரூபாய் வாடகையும் 2,500 ரூபாய் மெயின்டனன்ஸும் கொடுத்தோம். வடவள்ளியில் ஒரு தனி வீட்டின் மாடிப் பகுதிக்கு 12,500 ரூபாய். ஆக, குடிவந்த ஆண்டில் மாதம் 9,000 ரூபாய் மிச்சம்.

இந்த 9,000 எல்லோருக்கும் கிடைக்காது. ஊரோடு ஊரை ஒப்பிடாமல் பகுதியோடு பகுதியை ஒப்பிடுங்கள். கோவையிலேயே ரேஸ் கோர்ஸ், ஆர்.எஸ்.புரம் என்று தேடினால் ஆவடி, தாம்பரம் வாடகையைத் தாண்டிப் போய்விடும். சரவணம்பட்டியில் ஐ.டி. அலுவலகங்கள் பெருகிய பிறகு அங்கேயும் வாடகை பழைய நிலையில் இல்லை.

அட்வான்ஸ் விஷயத்தில் கவனமாக இருங்கள். சென்னையில் பத்து மாத வாடகையைக் கேட்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. இப்போது பல இடங்களில் ஐந்தாறு மாதத்துக்கு இறங்கியிருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் பொதுவான அளவாக வைத்திருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிய வேண்டும் என்றும் சொல்கிறது. இதை எடுத்துச் சொல்லித் தயங்காமல் பேசுங்கள். இன்னொன்று: பழைய வீட்டு அட்வான்ஸ் கைக்கு வருவதற்கு முன்பே புது வீட்டுக்குக் கொடுத்தாக வேண்டும். எங்களுக்கு, பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு, மீதியை இரண்டு மாதம் கழித்துத்தான் தந்தார்கள். சாமான் ஏற்றிவந்த லாரி, புதுப் பள்ளிக்கூடத்துக் கட்டணம் எல்லாம் அதே மாதத்தில் விழுந்தன. கையில் ஒன்றரை லட்சமாவது இல்லாமல் ஊர் மாற்றத்தைத் தொடங்காதீர்கள்.

கோவை அலுவலகத்துக்கு மாறினால் சம்பளத்தைக் குறைப்போம் என்கிறார்கள். எதுவரை சம்மதிக்கலாம்?

அரசாங்கம் இதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப்படிக்காக ஊர்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னை முதல் வகை. கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருப்பூர், ஈரோடு இரண்டாம் வகை. ஏழாவது ஊதியக் குழு முறைப்படி, அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்ட 2024 ஜனவரியிலிருந்து முதல் வகைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், இரண்டாம் வகைக்கு 20 சதவீதம். அடிப்படைச் சம்பளம் 50,000 என்றால் சென்னையில் 15,000, கோவையில் 10,000. வித்தியாசம் 5,000 ரூபாய். உங்கள் வாடகை மிச்சம் அதற்கு மேல் இருந்தால் நீங்கள் லாபத்தில் இருக்கிறீர்கள்.

தனியார் நிறுவனத்தில் அந்த வரம்பு கிடையாது, பேரம்தான். இன்று 8,000 ரூபாய் குறைத்தார்கள் என்றால் அது இன்றோடு முடிவதில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். அடுத்த ஆண்டின் உயர்வு, வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை எல்லாம் குறைந்த சம்பளத்தின் மேல்தான் கணக்கிடப்படும். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு வேறொரு இழப்பும் உண்டு. வாடகைப்படி விலக்கின் உச்சவரம்பு சென்னையில் சம்பளத்தில் 50 சதவீதம், கோவையில் 40 சதவீதம். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்த விலக்கே இல்லை என்பதால் இது பொருட்டல்ல.

வாடகையில் மிச்சமாவதில் பாதிக்கு மேல் சம்பளத்தில் போகிறது என்றால் நானாக இருந்தால் சம்மதிக்க மாட்டேன்.

நேரத்தைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. நானே எல்லோரிடமும் எடுத்துச் சொல்கிறேன். எங்கள் வீட்டு முடிவு இந்த ஒரு கேள்வியில்தான் நின்றது.

கணவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. எனக்கு மேடவாக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியர் பணி. அம்பத்தூருக்குக் குடிபோனால் நான் அலைய வேண்டும், மேடவாக்கத்தில் இருந்தால் அவர் அலைய வேண்டும். அவர் அலைந்தார். காலை 7.10-க்குக் கிளம்பினால் 8.40. மாலையில் திரும்பி வர எட்டேகாலோ எட்டரையோ ஆகும். சின்னவள் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுவாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலுக்குக் கொண்டுபோவதுதான் வார நாட்களில் அப்பாவுக்கும் மகளுக்கும் இருந்த பழக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். நாளுக்கு மூன்று மணி நேரம். மாதம் 24 வேலை நாள். 72 மணி நேரம். ஆண்டுக்கு 864 மணி நேரம், அதாவது இரவும் பகலுமாக 36 முழு நாட்கள். அவ்வளவையும் அவர் சாலையில் விட்டுக்கொண்டிருந்தார். அந்த எண்ணைத் தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோவையில் அவருக்குப் பீளமேட்டில் வேலை. வடவள்ளியிலிருந்து முக்கால் மணி நேரம். பாதிக்குப் பாதி, மாதம் 36 மணி நேரம் வீட்டுக்குத் திரும்பி வந்தது. மாதச் சம்பளத்தை வேலை நேரத்தால் வகுத்தால் அவருடைய ஒரு மணி நேரம் ஏறக்குறைய 300 ரூபாய். 36 மணி நேரம் 10,800 ரூபாய். வாடகையில் மிச்சமான 9,000-ஐவிட இது பெரிய தொகை. இது பணமாகக் கைக்கு வராது, உண்மைதான். ஆனால் ஆறரை மணிக்கு அவர் வீட்டில் இருக்கிறார். சின்னவளோடு மொட்டை மாடிக்குப் போகிறார். மருதமலைக் கோயில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதை அவள் எண்ணிச் சொல்கிறாள்.

இதே கணக்கைச் சென்னையில் வேறொருவர் போட்டால் விடை தலைகீழாக வரும். நங்கநல்லூரில் குடியிருந்து கிண்டியில் வேலை பார்ப்பவருக்கு மெட்ரோவில் கால் மணி நேரம் போதும். அவர் வடவள்ளிக்கு வந்து பீளமேட்டில் வேலை பார்த்தால் நேரத்தை இழப்பார். ஆகவே ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வாசலிலிருந்து உங்கள் அலுவலக வாசல் வரையுள்ள வழியை வைத்து முடிவு செய்யுங்கள்.

தண்ணீர் எங்கே நல்லது?

சிறுவாணி என்ற பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் நாக்கில் நீர் ஊறுகிறது. அந்தத் தண்ணீரின் சுவைக்குக் குறையே சொல்ல முடியாது. மாமியார் முதல் நாள் குடித்துவிட்டு, "இதில் காபி போட்டால் பால் குறைவாக இருந்தாலும் தெரியாது" என்றார்.

ஆனால் சிறுவாணி கோவை முழுவதற்கும் வருவதில்லை. பல பகுதிகளுக்குப் பில்லூர் அணைத் தண்ணீர். சிறுவாணி அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். மலையில் மழை பொய்த்தால் இங்கே குழாய் வறண்டுவிடும். எந்தத் தண்ணீரானாலும் தினமும் வரும் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். பல பகுதிகளில் சில நாட்களுக்கு ஒரு முறைதான். நடுநாட்களில் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான் கைகொடுக்கும். அது குழாயின் வாயில் வெள்ளை வெள்ளையாகப் படியும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பாக ஒட்டும். வீடு பார்க்கும்போது வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல் எதிர் வீட்டிலும் கேளுங்கள்: நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை, எத்தனை மணிக்கு, நிலத்தடித் தொட்டி எவ்வளவு பெரியது?

சென்னையை 2019-ஐ வைத்து மட்டும் எடைபோடுவது நியாயமில்லை. ஆனாலும் அந்த ஆண்டை என்னால் மறக்க முடியாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிவிட்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். லாரி விடியற்காலை மூன்றரைக்கும் வரும், நான்கரைக்கும் வரும். வாட்ச்மேன் கதவைத் தட்டுவார். ரப்பர் குழாயைச் சுற்றுச்சுவர் மேல் போட்டுத் தொட்டியில் இறக்கும்போது, முழுதும் இறங்குகிறதா என்று ஒருவர் நின்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு ஒருவர் என்று முறை வைத்து நின்றோம். அந்த ஜூனில் எங்கள் பங்குக்கு 3,800 ரூபாய் என்று நோட்டில் இருக்கிறது. மற்ற மாதங்களில் அது 500-ஐத் தாண்டியதில்லை.

அதற்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் வீதம் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் முன்பே இருந்தன. 2024 பிப்ரவரியில் நெம்மேலியில் இன்னொரு 15 கோடி லிட்டர் நிலையம் திறக்கப்பட்டது. நெம்மேலிக்கு அருகிலுள்ள பேரூரில் 40 கோடி லிட்டர் நிலையத்துக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். என்றாலும், குழாய் வந்து சேராத புறநகரில் வீடு எடுத்தால் லாரிக்காரர் எண்ணைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

மழை வெள்ளம்?

சென்னையில் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரேயடியாகக் கொட்டும். கோவையில் மொத்த மழையே அதில் பாதி அளவுதான். கோவையிலும் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நிற்கிறது, பஸ் மாட்டிக்கொள்கிறது. ஆனால் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வருமோ என்ற பயத்தோடு நவம்பரைக் கழிப்பதில்லை.

சென்னையில் வீடு பார்ப்பவர்கள் இரண்டு தேதிகளைக் கேளுங்கள்: 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். இந்த இரண்டிலும் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது? தரகர் மழுப்புவார். தெருமுனை இஸ்திரிக் கடைக்காரர் சுவரில் கோட்டையே காட்டுவார்.

கோவை குளிர்ச்சியான ஊர்தானே?

முன்பு இருந்த அளவுக்கு இல்லை. ஏப்ரலில் நன்றாகவே சுடுகிறது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இருக்கிறது. சென்னையின் வேர்வைக் கசகசப்பு இல்லை, இரவில் பெரும்பாலும் மின்விசிறி போதும்.

இதன் பலன் மின்கட்டணத்தில் தெரியும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால் வேறு கட்டண அட்டவணைக்குப் போய்விடுவீர்கள். கீழ்ப்படியில் கிடைத்த சலுகை விலையும் போய், மேற்கொண்டு வரும் யூனிட்டுகளின் விலையும் ஏறும். சென்னையில் மே, ஜூன் மாதங்களில் எங்களுக்கு 780 யூனிட் வரை போனது. இங்கே அதே மாதங்களில் 430.

வண்டி இல்லாமல் கோவையில் வாழ முடியுமா?

கடினம். இந்த ஊரில் மெட்ரோ இல்லை. சென்னையின் கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு போல நினைத்த நேரத்துக்கு ஓடும் புறநகர் ரயிலும் இல்லை. சென்னையில் மின்சார ரயிலின் மாதச் சீட்டுக்குச் சில நூறு ரூபாய் போதும், வண்டியே வாங்காமல் காலத்தை ஓட்டிவிடலாம். 2015-இல் தொடங்கிய மெட்ரோவின் முதல் கட்டம் 54 கிலோமீட்டர். சுமார் 119 கிலோமீட்டருக்கு இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது. இந்த வசதிக்குக் கோவையில் ஈடு இல்லை.

இங்கே டவுன் பஸ்கள் நன்றாக ஓடுகின்றன. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பது 2021-லிருந்து இரண்டு ஊரிலும் உண்டு. மாமியார் மருதமலைக்கும் பேரூர்க் கோயிலுக்கும் தனியாகவே பஸ்ஸில் போய் வருகிறார். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் உள்பகுதிகளுக்குப் பஸ் கிடைப்பது அரிது. வேலைக்குப் போகும் பெரியவர் ஒருவருக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வந்த மூன்றாம் மாதமே இரண்டாவது ஸ்கூட்டர் வாங்கினோம். தவணையும் பெட்ரோலுமாக மாதம் 4,200 ரூபாய். வாடகையில் மிச்சமான 9,000-இல் கிட்டத்தட்டப் பாதி அதற்குப் போனது.

கணவருக்கு மாற்றல் கிடைக்கிறது. என் வேலை?

இந்தக் கேள்வியைப் பெண்கள் தாழ்ந்த குரலில், கடைசியாகக் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஊர் மாறியதும் எனக்கு எட்டு மாதம் வேலை இல்லை. என் சம்பளம் மாதம் 24,000. எட்டு மாதத்துக்கு 1,92,000 ரூபாய். மாதம் 9,000 வீதம் வாடகை மிச்சத்தில் இதை ஈடுகட்ட இருபத்தொரு மாதத்துக்கு மேல் ஆகும் என்று அன்றே கணக்குப் போட்டிருக்கலாம். போடவில்லை. "நீ எங்கே போனாலும் வேலை கிடைக்கும்" என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். கிடைத்தது, ஆனால் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் இருந்தும் புதியவர்களுக்குரிய சம்பளத்தில் தொடங்கினேன். இரண்டு பேருக்கும் வேலை உறுதியான பிறகு லாரிக்கு முன்பணம் கொடுங்கள். முடியாவிட்டால், வேலை இல்லாத மாதங்களையும் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள். அது குடும்பத்தின் செலவு. உங்கள் தனிப்பட்ட தியாகமாக அதை யாரும் மாற்றிவிட இடம் கொடுக்காதீர்கள்.

ஒரு வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்குமா?

உங்கள் தொழிலைப் பொறுத்தது. பம்ப், மோட்டார், வார்ப்படம், நூற்பாலை, இயந்திர உதிரிப் பாகங்கள் என்றால் கோவையில் தெருவுக்குத் தெரு கதவு இருக்கிறது. மென்பொருளில் பீளமேடு, சரவணம்பட்டி, கீரணத்தம் என்று வளர்ந்திருக்கிறது. ஆனாலும் பழைய மாமல்லபுரம் சாலை அளவுக்குக் கதவுகள் இல்லை. கார் உற்பத்தி என்றால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம்தான். ஊடகம், சினிமா, துறைமுகம், தலைமைச் செயலகம் சார்ந்த வேலைகளுக்குச் சென்னையை விட்டு நகரவே வேண்டாம். உங்கள் வேலையை இந்த ஊரில் தரக்கூடிய நிறுவனங்களின் பெயரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஐந்து தேறவில்லை என்றால் யோசியுங்கள்.

பிள்ளைகள் படிப்பு?

தனியார் பள்ளிக் கட்டணம் கோவையில் பெரிதாகக் குறைந்துவிடாது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் போய்விட்ட பிள்ளையை நடுவில் மாற்றாதீர்கள். பன்னிரண்டு முடியும் வரை பொறுத்திருப்பது நல்லது. எங்கள் பெரியவள் அப்போது ஆறாம் வகுப்பு முடித்திருந்தாள், அதனால் தப்பித்தோம். மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே எமிஸ் எண்ணை (அரசின் கல்வித் தகவல் இணையதளத்தில் மாணவருக்குள்ள பதிவு எண்) பழைய பள்ளி விடுவித்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது இரண்டு வாரம் இழுத்தது.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் சென்னைக்கும் கோவைக்கும் நடுவில் உரிமை எதுவும் போகாது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அப்படியே இருக்கும். பெங்களூர் போக நினைப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள், மாநிலம் தாண்டினால் அந்த வாய்ப்பு கிடையாது.

வயதானவர்களுக்கு எந்த ஊர் நல்லது?

மருத்துவத்தில் கோவை எதற்கும் குறைந்ததல்ல. எலும்பு, கண், இதயம் என்று வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் இங்கே வருகிறார்கள். அரிய நோய்க்குச் சென்னைதான் என்ற நிலை சில துறைகளில் இன்னும் இருக்கிறது. ஆனால் முதியவர்களுக்குப் பெரிய மருத்துவமனையைவிடத் தெருவில் நடக்க முடிகிறதா என்பது முக்கியம். வீடு பார்க்கும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். மருந்துக் கடை, கோயில், பஸ் நிறுத்தம் மூன்றுக்கும் நடந்து காட்டச் சொல்லுங்கள். மேடவாக்கத்தில் மாமியார் தனியாகச் சாலையைக் கடந்ததே இல்லை.

வாழத் தகுந்த நகரங்கள் என்று பட்டியல் போடுகிறார்களே, அதைப் பார்த்து முடிவு செய்யலாமா?

மத்திய அரசின் எளிதான வாழ்க்கைக் குறியீடு 2021 மார்ச்சில் வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 49 நகரங்களில் பெங்களூர் முதலிடம், சென்னை நான்கு, கோவை ஏழு. வாழ்க்கைத் தரம் என்ற பிரிவை மட்டும் எடுத்தால் சென்னை முதலிடம், கோவை அடுத்து. அந்தப் பிரிவுக்கு மொத்தத்தில் 35 சதவீத எடையும், பொருளாதாரத் திறனுக்கு 15 சதவீத எடையும் கொடுத்திருந்தார்கள். உங்கள் வீட்டில் அந்த எடை வேறாக இருக்கும். கடன் கழுத்தை நெரிக்கும் குடும்பத்துக்குப் பொருளாதாரம்தான் எண்பது சதவீதம். மூச்சிரைப்பு உள்ள குழந்தை இருக்கும் வீட்டுக்குக் காற்றுதான் எல்லாம்.

நாங்கள் அசைவம் சாப்பிடுகிறவர்கள். வீடு கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் சில கதவுகள் முகத்தில் அடித்தாற்போல மூடும். இரண்டு ஊரிலும் இது உண்டு. "சைவம்தானே?" என்று தொடங்கி, சொந்த ஊர், குலதெய்வம் என்று சுற்றி வளைத்துச் சாதியில் வந்து நிற்பார்கள். முஸ்லிம் குடும்பங்களுக்கும் தனியாக வாழும் பெண்களுக்கும் இன்னும் கடினம். பெயரைச் சொன்னதும், "நேற்றே ஆள் வந்துவிட்டது" என்பார்கள். வாழ்க்கைத் தரத்தைப் பற்றிப் பேசும் யாரும் இதை எழுதுவதில்லை என்பது எனக்கு வருத்தம். வாடகைக்கு இடம் மறுக்கப்பட்டவருக்கு அந்த ஊரின் பூங்காவும் மேம்பாலமும் எதற்கு? இந்த அனுபவம் இருந்தால், உங்களைப் போன்றவர்கள் ஏற்கெனவே குடியிருக்கும் பகுதியில் நண்பர் வழியாகத் தேடுங்கள். அப்படிக் கிடைக்கும் வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் கூடுதல் வாடகை என்றாலும் கொடுங்கள்.

திருச்சி, மதுரை?

வாடகை இன்னும் குறைவு, பயண நேரமும் இன்னும் குறைவு. ஓய்வு பெற்றவர்களுக்கும் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்கும் நான் திருச்சியைத்தான் சொல்வேன். காவிரி இருக்கிறது, மாநிலத்தின் நடுவில் இருக்கிறது. 2024 ஜனவரியில் திறந்த புது விமான முனையம் இருக்கிறது. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்தால் நேராக வந்து இறங்கலாம். தனியார் துறையில் வேலை தேடும் வயதில் இருப்பவர்கள் முதலில் வேலையை உறுதி செய்துகொள்ளுங்கள்.

வந்ததும் வீடு வாங்கிவிடலாமா?

வேண்டாம். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் வாடகையில் இருந்து பாருங்கள். 80 லட்சம் ரூபாய் வீட்டுக்கு மாத வாடகை 20,000 என்றால் ஆண்டுக்கு 2,40,000, அதாவது மூன்று சதவீதம். வங்கிக் கடனுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வட்டி கட்டுவீர்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து சுமார் 9 சதவீதம். பகுதி பிடிக்காமல் இரண்டு ஆண்டில் விற்றால் அது திரும்பி வராது.

சொந்த பந்தத்தை விட்டு வருவது?

உங்கள் ஆட்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் இருவர் உறவும் சென்னை, செங்கல்பட்டுப் பக்கம். முதல் ஆண்டில் கல்யாணம், காதுகுத்து, துக்கம் என்று ஒன்பது முறை போய் வந்தோம். நான்கு பேருக்கு ரயில் டிக்கெட், மொய், ஆட்டோ எல்லாம் சேர்ந்து 61,000 ரூபாய். 2023 ஏப்ரலில் வந்தே பாரத் ஓடத் தொடங்கிய பிறகு ஆறு மணி நேரத்துக்குள் போய்விடுகிறோம், டிக்கெட் விலையும் அதற்கேற்றபடிதான். தீபாவளிக்கு 60 நாள் முன்பு காலை எட்டு மணிக்கே முன்பதிவில் உட்காராவிட்டால் இடமில்லை.

இதைவிடப் பெரிய இழப்பு அவசரத்துக்கு ஆள் இல்லாமை. பெரியவளுக்கு டெங்கு வந்தபோது, இரண்டாவது வாரமாகத்தான் தெரிந்த கீழ்வீட்டு அக்காதான் மூன்று நாள் சோறு கொண்டுவந்து கொடுத்தார். அவரை என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன்.

திரும்பிப் போகலாம் என்று தோன்றியதுண்டா?

உண்டு. வேலை இல்லாத எட்டு மாதத்தில் பல முறை. மாமியார் இப்போதும் மார்கழி வந்தால் மயிலாப்பூர் என்கிறார்.

சின்னவளுக்குக் கடல்தான் ஏக்கம். ஆண்டுக்கு ஒரு முறை அரையாண்டு விடுமுறையில் போகிறோம். ரயிலை விட்டு இறங்கியதும் உறவினர் வீட்டுக்குக்கூடப் போகாமல், பெட்டியோடு நேராக மெரினாவுக்கு. சென்ற முறை ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். அது எங்கள் வடவள்ளி வீட்டு ஜன்னலில் இருக்கிறது, அடியில் கொஞ்சம் மணலோடு.